மூன்றுக்கு அடிக்காத மணி

அன்று பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தவர்கள் மூன்றே பேர்: குமாஸ்தா, மணியடிக்கும் பியூன், நான். மூன்று மணி அடித்ததும் குமாஸ்தா பெட்டியைப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டாத பையன்களின் பெயரை அடித்துவிடுவார். என் சம்பளப் பணத்துக்காக அப்பா கடலை விற்க ஓமலூர் சந்தைக்குப் போயிருந்தார்.

பியூன் ஒல்லியானவர், காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் விடாமல் போட்டிருப்பார். அவர் நிமிஷம் தவறாமல் அடிக்கும் மணியைக் கேட்டுத்தான் சுற்றுக் காடுகளில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை மாட்டை அவிழ்ப்பார்கள். அன்று மூன்றானதும் அவர் புளியைத் தொட்டு மணியைத் துலக்க ஆரம்பித்தார்.

"ஏய்யா, மணி அடிக்கலையா?" என்றார் குமாஸ்தா.

"அழுக்கா இருக்குதுங்க. தொடச்சுப்போட்டு அடிக்கறனுங்க."

"ஏன், கலியாணத்துக்குக் கொண்டு போறயா?"

நான் சாலையையே பார்த்தேன். கால் மணி நேரத்தில் மணி தங்கம்போல் ஆகிவிட்டது.

"சாமி, இனித் தொடைக்க ஒண்ணுமில்லீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடித்தார்.

அப்பா இருட்டிய பின்தான் வந்தார், கடலை விற்காமலே. என் படிப்பு அதோடு நின்றது. தாமதத்துக்காகப் பியூனுக்கு எட்டணா அபராதம் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றும் விளங்கவில்லை. கேட்கப் போனால் காசைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, அவர் தெருப்பக்கமே போகாதிருந்தேன். எட்டணா இன்னும் பாக்கி.