ஆக்சிலியா கிழித்த வயிறுகள்

ஆக்சிலியாவுக்குக் கோபம் வந்தால் பாம்பூ பிளாட் ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் ஃபெரிகூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அத்தனை கோபமும் வீணாய்ப்போன நாள் ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்து, ராபினைக் கட்டிக்கொண்டு கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியவள். இருபத்திரண்டு வருஷமாக ஜெட்டி மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறாள். பெங்காலி அக்கா வந்தால் தலை சிதையாமல் வெட்டித் தருவாள். எவனாவது "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினால் கத்தியை அவனிடமே நீட்டி "தும் காட்டோ", நீயே வெட்டிக்கோ என்பாள். எந்த மீன் எதைத் தின்றது, எந்த மாசம் எது இளைத்தது எல்லாம் அவள் விரலுக்கு அத்துப்படி.

அந்த ஜூனில் நெத்திலிப்பாடு அடியோடு இல்லை. மீனவர் சங்கச் செயலாளர் தம்பையா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆலாக்கள்! படகில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு மொட்டைப்பாறை. வருஷா வருஷம் அதில்தான் ஆயிரக்கணக்கில் அந்தக் கடல்பறவைகள் முட்டையிடும். முட்டையை உடைத்துவிட்டால் தொலைந்து போய்விடும் என்றார். அதை முடிவு செய்யச் சனிக்கிழமை சாயங்காலம் வலைக்கொட்டகையில் கூட்டம். மார்க்கெட்டிலிருந்து பலகையும் கூடையுமாக ஆக்சிலியாவை வரவழைத்து, செத்த ஆலா ஒன்றை அவள் பலகையில் பொத்தென்று போட்டார் தம்பையா.

"கிழி மக்ளே. எல்லாரும் பார்க்கட்டும்."

கிழித்தாள். உள்ளே ஐந்து நெத்திலி.

"பாத்தியளா? நம்ம நெத்திலி!" என்று தம்பையா குதித்தார். கூட்டம் 'ஆமா ஆமா' என்றது. ராபினும் தலையாட்டினான், பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல்.

ஆக்சிலியா அன்று விற்காமல் கூடையில் கிடந்த நெய்மீனைத் தூக்கி அதே பலகையில் வைத்து வயிற்றைக் கிழித்தாள். நெத்திலி கொட்டியது. ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். முப்பத்தேழு.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. நெய்மீனையும் அடிச்சுக் கொன்னுருவமா?"

கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"கீழ இருந்து நெய்மீன் விரட்டுது, மேல இருந்து ஆலா விழுது. ஆலா விழுற இடத்தப் பாத்துத்தான நீங்க அத்தன பேரும் தூண்டில் போடுதிய? அது போயிட்டா எதப் பாத்துப் போடுவிய? பாறையில இருந்து எச்சம் வழிஞ்சு தண்ணியில விழுது. அதுல பாசி புடிக்கி, பாசியத் தேடிப் பொடிமீன் வருது. கொசுவலை கணக்கா வலைய வச்சுக் குஞ்சும் குளுவானுமா வழிச்சு, காயவச்சு, மூட்டை மூட்டையா வித்தது ஆலாவா? வெக்கமா இல்ல?"

"பொம்பளைக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?" என்றார் தம்பையா.

"நீங்க கொண்டாந்த மீனுக்கெல்லாம் வயித்தக் கிழிச்சவ நான். உங்களவிடத் தெரியும்."

நாளைக்குப் பூசை முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று கூட்டம் கலைந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள், பாவம். வீட்டுக்கு வந்ததும் துவைக்கப் போட ராபினின் கால்சட்டையை எடுத்தாள். கீழ்மடிப்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். புள்ளிபோட்ட முட்டை ஓட்டுத்துண்டு ஒன்று கையோடு வந்தது.

"பாறைக்கு எப்பப் போனிய?"

ராபின் சுவரைப் பார்த்தான். "காலையில. தம்பையாதான் கூப்பிட்டாரு."

"அப்ப சாயங்காலம் கூட்டம் எதுக்கு?"

"எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கணும்லா?"

"எத்தன?"

"எண்ணலட்டி. கால் வைக்க இடமில்ல. மிதிச்சுத்தான் நடக்க முடிஞ்சுது."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து, அவள் கையாலேயே கிழிக்கவைத்து நாடகம் போட்டிருக்கிறார்கள்! கால்சட்டையை அவன் மூஞ்சியில் எறிந்தாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒரு வாரத்தில் பாறை காலி. ஆலாக்கள் எங்கே போயினவோ, யார் கண்டது? படகுகள் விடியலில் போயின. வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்து, டீசலை எரித்து, அங்கேயும் இங்கேயும் சுற்றிவிட்டு, கொண்டுபோன ஐஸ் உருகித் திரும்பி வந்தன. ஆக்சிலியாவின் பலகையில் ஈகூட உட்காரவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் ராபின் வந்து சாப்பிட உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான். நாலாவது நாளாக முட்டைக்குழம்பு.

"மீனு இல்லியா?" என்று கேட்டான். கேட்க வாய் வந்தது பாருங்கள், அந்த மனுஷனுக்கு!

"புரோத்ராபூர் பண்ணைக்கோழி முட்ட. நீங்க மூட்டை கட்டி வித்த நெத்திலியத் தின்னுதான் அந்தக் கோழி முட்ட போடுது," என்றாள் ஆக்சிலியா, இன்னொரு முட்டையை அவன் தட்டில் வைத்து. "இதையாவது மிதிக்காமத் தின்னுங்க."