நாலு விரல்கடை குறைந்த ஸ்டூல்

கண்ணை மூடிக்கொண்டு, மடியில் வெறும் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி, வாலாஜாபாத் மரச்சாமான் கடையில் ஒரு ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருக்கிறார் நடேசன். கொஞ்ச நேரம் கழித்து வலது கையை நீட்டி, இல்லாத கிண்ணத்திலிருந்து இல்லாத ரசத்தை எடுத்து ஊற்றிக்கொள்கிறார். பிறகு கையை எங்கும் ஊன்றாமல் எழுந்திருக்கிறார்.

“இன்னா நடேசா, அப்பளம் வேணுமா?” என்கிறார் கடைக்காரர் சுப்பன். நடேசன் சிரிப்பதில்லை. தட்டைத் துடைத்து மஞ்சள் பைக்குள் வைக்கிறார். அது அவர் மனைவி சாப்பிடும் தட்டு. ஸ்டூல் பார்க்கக் கிளம்பும்போது மறக்காமல் எடுத்து வருகிறார்.

நடேசன் வடக்குப்பட்டுக்காரர். ஒரகடம் கம்பெனி ஒன்றுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். நான் தண்டலத்தில் அந்த பஸ்ஸில் ஏறுகிறவன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை அவருக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இவர் மொபெட்டை உதைத்துக்கொண்டு ஸ்டூல் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு, நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். “வண்டி ஓட்றவனுக்கு பாதி வேலை குந்துறது சார். அதனால எனுக்கு குந்துறத பத்தி தெரியும்” என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் அவருக்கு உட்காரப் பிடித்த இடம் ஸ்டூலும் இல்லை, டிரைவர் சீட்டும் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஹால் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொள்வார். நாள் முழுக்க மடங்கிக் கிடந்த முதுகு அங்கேதான் நிமிரும்.

ஸ்டூல் மனைவி சரோஜாவுக்கு. அந்த அம்மாள் பல வருஷம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவர். லைன் வேலையில் உட்காருவது என்ற பேச்சே கிடையாது. இப்போது வலது முட்டி தகராறு செய்கிறது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டிலோ எல்லோரும் ஹாலில் வட்டமாகத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவது. டைனிங் டேபிள் வாங்கினால் என்ன என்று கேட்டேன். “அத்த உள்ள போட்டா நாங்க வெளிய குந்தணும் சார்” என்றார்.

சரோஜா தானாகவே ஒரு வழி செய்துகொண்டார். அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார். நடேசன் நாற்காலியை இழுத்துப் போட்டால், “நீ கீழ குந்திக்கினு கீறப்போ நான் மட்டும் மேல குந்திக்கினு துன்னா நல்லாவா கீது?” என்று கேட்பார். நடேசனும் விட்டுவிட்டார். அதை அவரே என்னிடம் சொன்னார், சொல்லும்போது குரல் இறங்கியது.

விஷயம் பெரிதானது மகன் பிரவீனுக்குக் கல்யாணம் ஆன பிறகு. மருமகள் வேல்விழி தென்காசிப் பக்கத்துப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள், பிரவீனும் அவளும் ஒரே கம்பெனி. வந்த புதிதில் ஒருநாள் தண்ணீர் எடுக்க எழுந்த நடேசன் சமையலறையை எட்டிப் பார்த்தார். மாமியாருக்குப் பக்கத்தில் மருமகளும் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்த பெண். ஏம்மா என்று கேட்டதற்கு, “இந்தப் பக்கம் பொம்பளையாளுவ நின்னுட்டுதான் சாப்பிடுவாவன்னு நெனச்சேன் மாமா” என்றாள். சரோஜா திகைத்துப் போனார். அதுவரை அவர், தென்காசிப் பக்கம் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மரியாதை கருதி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

உண்மை தெரிந்த பிறகும் நின்றதுதான் வேடிக்கை. “அத்தை நிக்கையில நான் எப்படி மாமா உக்கார?” என்றாள் வேல்விழி. “இதுவே பயகிடும் சார். நாளைக்கு இன்னொரு பொண்ணு வந்தா அதுவும் நிக்கும். எங்கம்மா நின்னதில்ல சார், என் வூட்லதான் இது ஆரம்பிச்சிச்சி” என்றார் நடேசன்.

இதுவரை வாங்கியவை நாலு. முதலில் இடிந்த வீட்டிலிருந்து வந்த பழங்கால பலா மர ஸ்டூல். பார்க்க லட்சணம், தூக்கக் கனம், உட்காரப் பள்ளம். சரோஜா எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்தது ஏதோ பள்ளிக்கூட லேபில் கிடந்த திருகு ஸ்டூல். “அறுவது வருசத்து சரக்கு” என்று யாரோ தலையில் கட்டியது. குழம்புக்குக் கை நீட்டினால் ஆள் தெருப்பக்கம் திரும்பிவிடுகிறார். மூன்றாவது கம்பெனி ஸ்கிராப்பில் எடுத்த நீலக் குஷன் வைத்த உயர ஸ்டூல். அதைப் பார்த்ததுமே சரோஜாவுக்கு முகம் மாறிவிட்டது. “சூப்பர்வைசர் குந்துற ஸ்டூலு இது. நாங்க நிப்போம், அவன் குந்திக்கினு பாப்பான். இதுல குந்தினா சோறு எறங்குமா?” நாலாவது புது பிளாஸ்டிக். டைல்ஸில் வழுக்குகிறது.

இப்போது ஐந்தாவது. வேப்ப மரம், புதிதாகச் செய்தது. நடேசன் அதைத் தன் காலருகே நிறுத்தி, முட்டிக்குக் கீழே நாலு விரலை வைத்தார். “சரோஜா முட்டி எனுக்கு இங்க வரும் சார்.” பலகை சரியாக விரலுக்கு அடியில் நின்றது. உட்கார்ந்தும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் பொருத்தம். ஆனாலும் மனுஷன் முகத்தில் தெளிவில்லை.

“எல்லாம் சரி, நீ எதுல குந்துவ?” என்றார் சுப்பன்.

“எனுக்கின்னா, நான் தரையிலதான்.”

சொன்ன வாய் அப்படியே நின்றது. திரும்பி வரும்போது ஸ்டூல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஹாலில் ஐந்து ஸ்டூலும் வட்டமாகக் கிடந்தன. எனக்குத் திருகு ஸ்டூல் வாய்த்தது. பிரவீன் பிளாஸ்டிக்கில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தான். நடேசன் அந்த நீல ஸ்டூலில் ஏறி, மடியில் தட்டை வைத்துக்கொண்டார். பாதம் தரையை எட்டியும் எட்டாமலும் தொங்கியது.

“இன்னா கூத்து இது?” என்றார் சரோஜா, சமையலறை வாசலிலிருந்து.

“தரையில குந்தினா கால் மரத்துப் போவுது. இனிமே எனுக்கு ஒத்துக்காது.”

பச்சைப் பொய். எனக்கே தெரிந்தது, சரோஜாவுக்குத் தெரியாதா? உள்ளே போனார். பிறகு தட்டோடு வந்து, வேப்ப மர ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நடேசனுக்கு ரசம் ஊற்றியதில் கொஞ்சம் அவர் வேட்டியில் சிந்தியது.

வேல்விழி வாசலிலேயே தட்டுடன் நின்றாள், ஒரு காலை மாற்றி ஒரு காலில். மிச்சமிருந்தது பலா மர ஸ்டூல். சரோஜா சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல், அந்த நோகிற வலது காலை நீட்டினார். ஸ்டூலின் காலில் பாதத்தைக் கொடுத்து, தரையில் கறகறவென்று தேய, மருமகள் நின்ற பக்கமாகத் தள்ளினார்.