எழுந்து நிற்காமல் விழுங்குவது

விழுங்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது, அது முடியாமல் போனவருக்கும் அதை அளக்கும் அறையில் நிற்பவருக்கும்தான் தெரியும். தொழிற்சங்கக் கொடி பிடித்ததற்காகத் தேயிலைத் தோட்டத்தில் என் பேரை வெட்டி, வேலையை விட்டு நிறுத்தினார்கள். வாயை வெட்ட முடியவில்லை. அதனால் பதுளை ஆஸ்பத்திரியில், உணவுக்குழாயின் அழுத்தம் பார்க்கும் அறையில் உதவியாளாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கால் மரத்துப்போன தோழர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நடிப்பு

அருள்மேரி கொஸ்லந்தப் பக்கம் கொழுந்து பறிப்பவர். ரொட்டி நெஞ்சிலேயே நின்றுவிடும். தண்ணீரும் திரும்பி வரும். உடம்பு பாதியாகிவிட்டது. வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்ததில் கட்டியும் இல்லை, புண்ணும் இல்லை. உடனே நடிக்கிறாள், வேலைக் கள்ளி என்று தோட்டத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். புருஷனும் அதையே நம்பினார். அழுத்தம் பார்த்தால்தான் நோய் தெரியும், வைத்தியமும் தொடங்கும்.

"கட்டி இருந்திருந்தா நம்பியிருப்பாங்க, தலைவரே" என்றார் அருள்மேரி. சங்கத்துப் பேர் இன்னும் என்னை விடவில்லை.

மரியாதை

மூக்கில் மரப்பு மருந்து தடவி, மெல்லிய குழாயை வயிறு வரை இறக்கிப் படுக்க வைப்போம். நர்ஸ் வாயில் கொஞ்சம் தண்ணீர் விடுவார். சொன்னதும் ஒரே விழுங்கு. இடையில் பேசக்கூடாது, எச்சிலும் விழுங்கக்கூடாது. எல்லாம் சரியாகத்தான் போனது, டாக்டர் உள்ளே வரும்வரை. அருள்மேரி மூக்கில் குழாயோடு சட்டென்று எழுந்து, "சலாமுங்க" என்று கும்பிட்டார். வயர் இழுபட்டுக் குழாய் வெளியே வந்துவிட்டது.

யார் எழும்பச் சொன்னது என்று கத்தினேன். அவருக்கு என்மேல்தான் கோபம்.

"பெரியவங்க வந்தா படுத்துக்கிட்டா இருப்பாங்க?"

வேலைநிறுத்தம்

இன்னொரு நாள் வரச்சொல்லலாம் என்றார் நர்ஸ். அந்த நாள் வரும்வரை இந்தப் பெண் எதைத் தின்பது? வாதாடி, இன்னொரு தடவை குழாய் இறக்க வைத்தேன். அருள்மேரியின் காதருகே குனிந்தேன். "தங்கச்சி, இது ஸ்ட்ரைக்குனு நெனச்சுக்கங்க. தோட்டத்துத் தொரையே வந்தாலும் எந்திரிக்கக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது."

டாக்டர் வந்தார், சுகம் விசாரித்தார். அருள்மேரி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விட்டபோது மட்டும் விழுங்கினார். ஒவ்வொரு விழுங்கிலும் இரைப்பையின் வாசல் திறக்காமல் இறுகியே இருப்பதைத் திரை காட்டியது. இது நிஜமான நோய், பலூன் விட்டு விரிக்கலாம், இல்லாவிட்டால் ஒப்பரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். குழாயை எடுத்த பிறகும் அருள்மேரி வாய் திறக்கவில்லை. இனிப் பேசலாம் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு வெளிய வாங்குல இருக்காரு, தலைவரே. அவருகிட்ட இத டாக்டரையே சொல்லச் சொல்லுங்க."

டாக்டரே வெளியே போய் அவரிடம் சொன்னார். என் ஆயுளில் கோரிக்கை முழுவதையும் வென்றெடுத்த ஒரே வேலைநிறுத்தம், மூக்கில் குழாயோடு மல்லாந்து படுத்து ஒருவர் தனியாக நடத்தியது.