ரோட்டோரக் கிணறும் அண்ணனின் பூவரசு வேலியும்

கற்பிட்டிக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடலேரியுமான மணல் வளவில் பிறந்து, அதே வளவில் கண்மூடிய எங்கள் அண்ணனுக்கு ஒரு வருட நினைவுப் பூசை வருகிறது. எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அழகுபடுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்களைப் பெற்ற ஐயா கடலோடு போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அன்றிலிருந்து வலையிழுத்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். குடித்தவர் இல்லை, ஒருவரை ஏசியவரும் இல்லை. பசி கிடந்தோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு வழியால் வந்தது.

வெள்ளைக்காரரின் சண்டைக் காலத்தில், எங்கள் கிணற்றடியை ஒட்டிய ஒற்றையடிப் பாதை லொறி ஓடும் ரோட்டாயிற்று. தென்னோலை முடைந்த கிடுகு வேலி நடந்து போகிறவனுக்கு மறைக்கும். லொறிமேல் நிற்கிற சிப்பாய்க்கு மறைக்குமா? மார்புக்குமேல் கட்டிய குறுக்குக்கட்டோடு குளித்து நின்ற என்னைப் பார்த்து மேலிருந்து சீட்டியடித்தார்கள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். சிலாபத்தில் பேசி வைத்திருந்த சம்பந்தம் அந்தக் கதையால் நின்றது.

"லொறிக்காரனெல்லாம் பார்த்த பிள்ளை அவங்களுக்கு வேணாமாம்" என்று தரகர் முற்றத்தில் நின்று சொன்னார்.

"ஓம்" என்றார் அண்ணன். தலை நிமிரவில்லை.

மாரி தொடங்கியதும் பூவரசந் தடிகள் வெட்டிவந்து நட்டார். வலை முடிகிறவர் அல்லவா? வலைக்கண் சிறுத்தால் எதுவும் தப்பாது என்று நினைத்து, சாணுக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றினார். எல்லாம் தழைத்தன. ஆனால் ஒன்றையொன்று முந்தி வானத்துக்கு ஓடின. இடுப்புக்குக் கீழே ஓர் இலை இல்லை. கிடுகும் அதற்குள் மழையில் உக்கி உதிர்ந்துபோயிற்று.

அடுத்த வளவு மச்சாள் ரோட்டில் நின்று கத்தினாள்: "மச்சான், உங்கட வேலி சாரனை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிக்குதே! காலெல்லாம் தெரியுது!"

அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார்.

அந்த மச்சாளின் ஆடு, தழைக்கத் தொடங்கியபோதே வேலியின் மூலையில் தடிகளைத் தின்று ஒன்றை மட்டும் விட்டிருந்தது. தனித்து நின்ற அது மட்டும் அடியிலிருந்தே இலையும் கிளையுமாகச் சடைத்திருந்தது. அதன் முன்னால் அண்ணன் குந்தியிருப்பதைக் கண்டேன்.

"என்ன பாக்கிறீங்க?"

"ஆடு வேலி நட்டிருக்கு, தங்கச்சி. நான் வலை பின்னியிருக்கேன்."

இரண்டு முழத்துக்கு ஒன்றை விட்டு மற்றதெல்லாம் பிடுங்கப்போவதாகச் சொன்னார். அழுதுவிட்டேன்.

"இருக்கிறதையும் பிடுங்கினா நான் எங்க குளிக்கிறது?"

"கொஞ்சக் காலம் ஊர் சிரிக்கட்டும். பிறகு ஊருக்கு ஒண்டும் தெரியாது."

பிடுங்கியவற்றில் நல்லதாகப் பார்த்து, பின்னால் இன்னொரு வரிசை ஊன்றினார். முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசை மரம். நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கிளைக்க விட்டார். அது சடைக்கும் வரை, நான் வீட்டுக்குள் குளிக்கத் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டுத்தான் தோணி இறக்கினார். கரையில் மற்ற ஆண்கள் அதையும் சொல்லிச் சிரித்தார்களாம். அவர் என்னிடம் சொல்லவில்லை.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிணற்றடியில் கால் கழுவியபோது ரோட்டால் ஒரு லொறி போனது. சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். அன்றுதான் அவர் தலை நிமிர்ந்ததைக் கண்டேன்.

எனக்குக் கலியாணமாகி அதே வளவில் குடியிருந்த பிறகும், அவர் கடைசிவரை அந்த வேலியை வெட்டி ஒழுங்குபடுத்தினார். கை நடுங்கிய பிறகும் கத்தியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. படுக்கையில் கிடந்தது சில நாட்கள்தான்.

அடக்கத்தன்று பெருமழை. வாசல் படலைப் பக்கம் இடுப்பளவு வெள்ளம். பெட்டியை நேரே ரோட்டுக்கு எடுக்க வேலியை வெட்டவேண்டும் என்றார்கள். முன்வரிசையில் ஒன்று, பின்வரிசையில் ஒன்று வெட்டப் போதுமாயிருந்தது. ரோட்டில் நின்ற சனமெல்லாம் எங்கள் கிணற்றடியைப் பார்த்தது. அண்ணன் போகிறார், நான் கொடியில் கிடந்த துணிகளை ஓடியோடி அள்ளுகிறேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் கண்டிருந்தால் கோபித்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மழையில் பெட்டி சுமந்த பிள்ளைகளுக்கும், பூசை செய்த பங்குச் சுவாமிக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த மச்சாள் வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

வெட்டிய இடத்தில் அதே மரத்தின் கிளையை இரண்டு முழ அளவு பார்த்து நட்டிருக்கிறேன். துளிர்த்திருக்கிறது, இன்னும் மறைக்கவில்லை. அதுவரைக்கும் அங்கே கிடுகு கட்டியிருக்கிறது. பூசை முடிந்து சாப்பிட வருகிறவர்கள், கிட்ட வழி என்று நினைத்து அதை அவிழ்க்க வேண்டாம். சுற்றிப் படலையால் வாருங்கள்.