ரோட்டு மேல ஒரு களம்

நாலு வழிச் சாலை போடுகிறவன் அந்தச் சாலையில் வேகமாகப் போனதே கிடையாது. என்னைப் போல ரோலர் ஓட்டி இடுப்பு நொந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செல்லாயி அக்காவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில். கிளம்பிவிட்ட பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "ஏலே ரோலரு! இன்னும் உருண்டுக்கிட்டுத்தான் இருக்கியா?"

பழகிய விதம்

திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு துண்டில் அடி அடுக்குத் தார் போட்டு முடித்து, மேல்தாருக்குக் காத்திருந்தோம். ஒரு மாசி மாதக் காலையில் போய்ப் பார்த்தால், ரோடு நெடுக அறுத்த கொள்ளுச் செடி காய்கிறது. பக்கத்தில் விளக்குமாற்றோடு அக்கா. அவர் கொள்ளு அடிக்கும் களம் இந்தச் சாலைக்குப் போய்விட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"இன்ஜினியர் வந்தா என்னையத்தான் ஏசுவாரு, அள்ளுங்கக்கா" என்றேன்.

"எங் களத்து மேல நீங்க ரோட்டப் போட்டீக. உங்க ரோட்டு மேல நான் களத்தப் போட்டேன். சரியாப் போச்சுல்ல?"

வராத பஸ்

பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் கொள்ளை உதிர்த்துவிடும் என்று அக்கா நினைத்திருந்தார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தச் சாலையை இன்னும் திறக்கவே இல்லை. மத்தியானம்வரை ஒரு சைக்கிள்கூட வரவில்லை. அதற்குள் சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் கொள்ளு கறுத்துவிடும். அந்த வருஷத்து வெள்ளாமையே அவருக்கு அவ்வளவுதான். அக்காவின் வாய் அடங்கிப்போனது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இரும்பு ரோலர் என்றால் எல்லாம் பொடியாகிவிடும். என்னுடையது ரப்பர் டயர் வண்டி. டயரைத் துடைத்து, தார் ஒட்டாமலிருக்க அதில் தண்ணீர் சொட்டும் குழாயை அடைத்து, செடி மேல் ஏற்றினேன். காய்கள் படபடவென்று வெடித்தன. அக்காவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"மெதுவாப் போ அப்பு! நான் கேட்டது கொள்ளு, மாவு இல்ல!"

இன்ஜினியர்

பாதியில் இன்ஜினியர் வந்து இறங்கினார். சின்ன வயசு, வெளியூர்க்காரர். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் மேகத்தைப் பார்த்தார், அக்கா கூட்டிக் குவித்திருந்ததைப் பார்த்தார், பிறகு தார் லாரியை மூடும் தார்ப்பாயை அவரே இழுத்து வந்தார். முதல் தூறல் விழும்போது கொள்ளு முழுவதும் அதற்கு அடியில் இருந்தது.

"ஏம்மா, இதனால ரோட்டுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"கொள்ளு தாங்காத ரோடு லாரியத் தாங்குமா சாமி?"

ஒரு படி

அக்கா எனக்கு ஒரு படி கொள்ளு தந்தார். அப்போது என் மனைவி இருந்தாள். துவையல் அரைத்து, தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இம்புட்டு ரோடு போட்டீக, இப்பத்தான் வீட்டுக்குத் தொட்டுக்கிட ஒரு வெஞ்சனம் வந்திருக்கு."

லாரிகள் பறக்கிற அந்தச் சாலையில், மேல்தாருக்கு அடியில், அக்காவின் விளக்குமாற்றுக்குத் தப்பிய கொள்ளு கொஞ்சம் இன்றைக்கும் கிடக்கிறது.