தம்பி போட்ட முட்டைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனில் ஒரு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் மருத்துவமாதாக வேலை செய்துகொண்டிருந்தேன். பிள்ளை பெறுவிப்பதுதான் என் தொழில். ஆனால் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருந்த தமிழ்ச் சனத்துக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. பிரஷர் பார்க்க வருவார்கள். காதுக்குள் பஞ்சு போய்விட்டது என்று வருவார்கள். ஒருவர் பல்வலிக்குக்கூட வந்தார். நானும் ஒவ்வொரு முறையும் இது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு அதைச் செய்து கொடுப்பேன். பிழை அவர்களுடையது மட்டும் என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டு மேல் அறையில் ஒரு வாடகைக்காரர் இருந்தார். சிங்கப்பூர்த் தமிழர். பொறியியல் படிக்க வந்து, படிப்பு முடிந்தபின் இங்கேயே ஒரு கம்பனியில் வேலை எடுத்துத் தங்கிவிட்டவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அமைதியான ஆள், குளித்துவிட்டுக் குளியலறையைத் துடைத்துவிட்டு வருவார். அறை பார்க்க வந்த அன்று, சத்தம் போடாத ஒரு பிராணி வளர்க்கலாமா என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார். இவர் மீன் என்று நினைத்துச் சம்மதித்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, எங்கள் ஃப்ரீசரில் ஆட்டிறைச்சி தேடியபோது அடியில் ஒரு பை கிடைத்தது. பைக்குள் ஐந்து வெள்ளை எலிகள், வாலும் மீசையுமாக உறைந்து கிடந்தன. பையோடு மேலே போனேன். அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு கிடந்தது. அமெரிக்க இனமாம், சோளக் கொட்டில்களில் எலி பிடிப்பதாம், விஷமே கிடையாதாம். கடைக்காரன் ஆண் என்று சொல்லித்தான் விற்றானாம். அதனால் பெயர் தம்பி.

அன்றே அறையைக் காலி செய்யச் சொல்லியிருப்பேன். குறுக்கே நின்றவர் என் கணவர். அவருக்குப் பாம்பு என்றால் உயிர் போகிற பயம். அவர் பிறந்தபோது அவருடைய தாய் பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்கு ஏதோ நேர்த்தி வைத்து, அது நிறைவேறாமலே ஊரைவிட்டு வந்துவிட்டார்களாம். இந்த நிலைமையில் வீட்டுக்கு வந்த பாம்பை வெளியே விடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் மேல் மாடிக்கு ஏறவும் மாட்டார். பாம்பும் இருந்தது, அவரும் இருந்தார், மேலே ஏதாவது பல்ப் மாற்றவேண்டுமென்றால் நான் போகவேண்டியதாயிற்று. இன்னொரு கரைச்சல், அதுவரை வாடகைக்காரரை நான் வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்டு வந்தேன். பாம்புக்கு அந்தப் பெயர் என்று தெரிந்தபின் நாக்கு வரவில்லை. வெறும் ‘நீர்’ என்று பேசிச் சமாளித்தேன்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொடர்ந்து மூன்று இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். கதவில் தட்டல்.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

"ஓம்" என்றேன். ஆள் போகவில்லை.

"அக்கா, தம்பி முட்டை போட்டிருக்கான்."

எழுந்து கதவைத் திறந்தேன். முகம் வெளிறி, தாடி வளர்ந்து நின்றார். விசாரித்தால், முட்டை போட்டது அன்றைக்கு இல்லை, புதன்கிழமை. ஆண் துணையே இல்லாமல் ஒன்பது முட்டை. கரு இல்லாத வெறும் முட்டைகள்தான், கோழி போடுவதைப் போல. அதோடு நின்றுவிட்டது. ஆனால் வாலுக்கு மேலே இன்னும் இரண்டு முட்டை வீங்கித் தெரிகிறது, நான்கு நாளாக வெளியே வரவில்லை. இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். ஆண் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம்.

"நான் பாம்புக்கு மிட்வைஃப் இல்லை" என்றேன்.

"தெரியும்க்கா. ஆனா முட்டையோ பிள்ளையோ, வெளிய வர்ற விஷயம் ஒண்ணுதானே."

ட்ரெஸ்ஸிங் கவுனைக் கட்டிக்கொண்டு மேலே போனேன்.

பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிப் படுத்திருந்தது. உடம்பின் பின்பகுதியில் இரண்டு புடைப்பு. எந்தத் தாயிடமும் கேட்கிற கேள்விகளைத்தான் அவரிடமும் கேட்டேன். கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, எப்போதிலிருந்து முக்குகிறது. அவர் ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். பெட்டிக்குள் இருந்த வெப்பநிலையை ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒன்றரை வருடமாக, சிவப்பிலும் நீலத்திலும் எழுதி வைத்திருந்தார். முட்டையிட ஒரு பெட்டி வைக்கவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பாவம், அது ஒன்பதையும் குடிக்கிற தண்ணீருக்குள் போட்டிருந்தது.

பிறகு மெல்லச் சொன்னார், நேற்று ஒலிவ் எண்ணெய் தடவி, விரலால் முட்டையைக் கீழே தள்ளிப் பார்த்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினொரு வருடமாகப் பிரசவ அறையில் நான் படித்தது ஒன்றுதான், வராததை இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. உள்ளே கிழிந்தால் முட்டையும் இல்லை, தாயும் இல்லை. அதை அவருக்குச் சத்தமாகவே சொன்னேன். அவர் கொப்பியை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து மிருக வைத்தியர்களைத் தேடத் தொடங்கினேன். ஞாயிறு என்பதால் பாதிப்பேர் எடுக்கவில்லை. ஒருவர் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பாராம். இன்னொரு இடத்தில் எடுத்த பெண், எனக்குப் பிரசவ வலி என்று விளங்கிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். ஆறாவதாகக் கிடைத்தவர் ஊர்வன பார்க்கிற ஒரு பெண் வைத்தியர். திங்கட்கிழமை காலை முதல் ஆளாகக் கொண்டுவரச் சொன்னார். அதுவரை இளஞ்சூட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம் விடுங்கள், பிறகு இருட்டான, ஈரமான ஒரு பெட்டிக்குள் வையுங்கள், தொடாதீர்கள், முக்கியமாகத் திறந்து திறந்து பார்க்காதீர்கள் என்றார்.

பெட்டிக்குள் போட ஈரப் பாசி, மிட்சம் பக்கத்தில் ஒரு தோட்டக் கடையில் கிடைத்தது. பெட்டிதான் பிரச்சினை. வீட்டில் அளவாக இருந்தது நான் வறுத்த மா போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுதான். நான் மாவை வேறொன்றில் கொட்டுவதற்குள் வாடகைக்காரர் மூடியில் ஓட்டை வெட்டிவிட்டார். வெந்நீருக்கு எடுத்தது நான் அரிசி களைகிற பேசின். நான் பாம்பைப் பேசினில் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து என் கணவர் மரக்கறிப் பையோடு குசினிக்குள் வந்தார். பையை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பின்கதவால் தோட்டத்துக்குப் போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்று, பிறகு யன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"இஞ்சரும், அதுக்குக் கொஞ்சம் பால் வைச்சுப் பாப்பமே?"

"பாம்பு பால் குடியாது. நீங்கள் உள்ளுக்கு வந்து எனக்கு ஒரு தேத்தண்ணி போடுங்கோ."

பெட்டிக்குள் விட்டபின் பாம்பு அமைதியாகச் சுருண்டது. அமைதி இல்லாதவர் வாடகைக்காரர்தான். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். என் தொழிலில் பொறுமையைச் சோதிப்பவர்கள் நோவோடு படுத்திருக்கிற பெண்கள் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டு, இன்னும் எவ்வளவு நேரம், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிற ஆண்கள்தான். அவர்களை வெளியே அனுப்புகிற குரல் ஒன்று என்னிடம் இருந்தது. அதே குரலில் அவரைக் கீழே அனுப்பினேன். அவரும் என் கணவரும் குசினியில் இருந்து வானொலியில் கிரிக்கெட் கேட்டார்கள். நான் பாம்பு இருக்கிற அறையில், கதிரையில் இருந்தபடியே தூங்கினேன்.

மாலை நாலரை மணிக்குப் பார்த்தேன். பாசியில் ஒரு முட்டை கிடந்தது. மஞ்சள் படிந்து, ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. இன்னொன்று உள்ளேதான். அதற்குப்பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. வாடகைக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் கணவருக்கு ஓட்டத் தெரியும், ஆனால் பாம்பு இருக்கிற காரை ஓட்ட ஏலாதாம். பாம்பை என் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயைக் கட்டி, பிக்னிக் போகிற குளிர்பெட்டிக்குள் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வைத்து, பஸ்ஸில் போனோம். இரண்டாவது தரிப்பில் கோவிலில் தெரிந்த ஓர் அன்ரி ஏறி எனக்கு முன் சீற்றில் வந்து உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னையும், பக்கத்தில் இருந்த இளம் ஆணையும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பெட்டியோடை?"

"சாப்பாடு, அன்ரி."

"சூடாயெல்லோ இருக்கு" என்று மூடியில் கையை வைத்தார். "கொழுக்கட்டையோ?"

ஓம் என்றேன். ஒன்று தா என்று கேட்டுவிடுவாரோ என்று நான் அடுத்த ஐந்து தரிப்பும் மூச்சை விடவில்லை. வாடகைக்காரர் உதவிக்கு வந்தார். இவை பூஜைக்குக் கொண்டுபோகிறவை, முதலில் யாரும் சாப்பிடக்கூடாது என்று சொன்னார். எந்தக் கோவிலில் என்று அன்ரி கேட்டார். நாங்கள் ஒரு தரிப்பு முந்தியே இறங்கி நடந்தோம்.

வைத்தியர் முப்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். அட்டை நிரப்பும்போது பெயர் கேட்டார். வாடகைக்காரர் தம்பி என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க, இவர் மிகுந்த பொறுப்போடு விளக்கினார். நான் சுவரில் இருந்த நாய்ப்புழுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் இரண்டு பேரையும் கணவன் மனைவி என்று அவர் நினைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது, அதையும் நான்தான் திருத்தவேண்டியிருந்தது.

வைத்தியர் பாம்பின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒக்சிடோசின் ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் இத்தனை நாளான பிறகு பாம்புகளுக்கு அது எப்போதும் வேலை செய்வதில்லை என்றார். கருப்பை சுருங்க நான் தாய்மாருக்குக் கொடுக்கிற அதே மருந்து. அதைச் சொன்னேன். முதல்முறையாக அவர் என்னை நேராகப் பார்த்தார். அதற்குப்பிறகு எல்லாவற்றையும் எனக்கே சொன்னார்.

ஊசி போட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். ஒன்றும் அசையவில்லை. கடைசி வழி, வயிற்றின் வழியாக ஊசி ஏற்றி முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுப்பது. முட்டை சுருங்கினால் ஓரிரு நாளில் தானே வெளியே வரும், வராவிட்டால் வெட்டவேண்டும். யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். வாடகைக்காரர் ஊசியைப் பார்த்தார். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார். வைத்தியர் அவருக்கு ஒரு வாளியைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார். வேறு யார் பிடிப்பது?

இரண்டு கையாலும் பிடித்தேன். நான் எதிர்பார்த்த வழவழப்பு இல்லை, உலர்ந்து, உறுதியாக இருந்தது. ஊசி இறங்கியபோது என் உள்ளங்கைக்குள் அதன் தசை முழுவதும் ஒரு முறை இறுகி மெல்லத் தளர்ந்தது. நோவு வரும்போது தாயின் வயிற்றில் கை வைத்தால் தெரியுமே, அதேதான். அந்தக் கணம் மட்டும் எனக்குக் கோபம், அலுப்பு, தூக்கம் எதுவும் இருக்கவில்லை.

"கொஞ்சம் பொறு பிள்ளை, முடிஞ்சுது, இப்ப முடிஞ்சுது" என்று வாய் தானாகச் சொன்னது. வார்டில் தமிழ்ப் பெண்கள் வந்தால் சொல்வது அது.

என்ன சொன்னீர்கள் என்று வைத்தியர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சிரிஞ்சில் தடித்த மஞ்சள் திரவம் நிரம்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து படுத்து, பதினான்கு மணித்தியாலம் தூங்கினேன். புதன்கிழமை வேலையால் வந்தபோது குசினி மேசையில், நான் தயிர் சாப்பிடுகிற கிண்ணத்தில், தோல் மாதிரிச் சுருங்கிய ஒன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு துண்டுக் கடிதம். "அக்கா, காலை 6.40க்கு வந்தது. நீங்க பாக்கணும்னு வச்சிருக்கேன். ரொம்ப நன்றி." கிண்ணத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன். மூன்று கிழமை கழித்துத் தம்பி ஓர் எலி விழுங்கியது. அந்தச் செய்தியை என் கணவர்தான் மாடிப்படியின் அடியில் நின்று கேட்டுவந்து எனக்குச் சொன்னார்.

அடுத்த வருடமும் அது முட்டையிட்டது. இந்த முறை வாடகைக்காரர் பாசிப் பெட்டியை ஒரு மாதத்துக்கு முந்தியே வைத்திருந்தார். ஒரே காலைக்குள் பதினொரு முட்டை, ஒரு சிக்கலும் இல்லை. எனக்கு அது தெரிந்தது நான்கு நாள் கழித்து, படியில் எதிர்ப்பட்டபோது. அவர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நினைத்தாராம்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே" என்றேன். அன்று முழுக்க எனக்கு அவரில் கோபம் ஆறவில்லை.