மனிசி இருக்கிற மாகாணம்

சட்டைப்பையில் சாவி இருந்தும் அருமைராசா தன் வீட்டு மணியை அடித்துவிட்டுத்தான் வாசலில் நிற்பார். கியூபெக் மாகாணத்தில், மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் அந்தச் சின்ன வீட்டை வாங்கியவரே அவர்தான். "நான் இப்ப ஒன்ராறியோக்காரன். வெளியூரான் மணி அடிச்சுத்தானே வரவேணும்" என்று தெருவுக்குக் கேட்கச் சிரிப்பார். கதவைத் திறக்கிற மனைவி யோகமலர் சிரிப்பதில்லை.

மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோவுக்கு லொறி ஓட்டுகிறவர். கம்பனி இருப்பது மாகாண எல்லைக்கு அப்பால், ஒன்ராறியோவின் கார்ன்வாலில். அந்த மாகாணத்தில் வரி குறைவு என்று கூட ஓடுகிற ஒருவர் சொல்ல, போன வசந்தத்தில் அங்கே நிலக்கீழ் அறையொன்றை வாடகைக்கு எடுத்தார். சாரதி உரிமம், மருத்துவ அட்டை, கார் இலக்கத் தகடு என எல்லாவற்றையும் மாற்றினார். யோகமலரும் பின்னால் வருவதாகத்தான் பேச்சு. ஆனால் அவர் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்க்கும் கார்டெறி நடத்துகிறார். "இந்தப் பிள்ளையளை ஆரிட்ட விட்டிட்டு வாறது? வாற வருசம் பாப்பம்" என்றுவிட்டார்.

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அருமைராசா வீட்டுக்கு அழைப்பார். யோகமலர் போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தன்பாட்டில் சமைப்பார். கடைசியாக வீடு போகிற குழந்தை பிரெஞ்சில் "ஓ-ர்வுவார்" என்று விடைபெறுவது கேட்கும். கடுகு வெடிக்கும். பேச ஒன்றுமிராது.

"வைக்கட்டோ?" என்பார் யோகமலர்.

"வையாதையும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பாணைத் தகரத்தில் அடைத்த மீனின் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவார்.

இந்த வசந்தத்தில் வரிக் கணக்குச் செய்யப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. கணக்காளர் இரவிச்சந்திரன் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "ஒன்ராறியோவில வரி கட்ட இது காணாது அண்ணை. வீடும் மனிசியும் கியூபெக்கில எண்டால் உங்கட வதிவிடமும் அங்கதான். ஒரு வழி இருக்கு. பிரிஞ்சு இருக்கிறம் எண்டு போடுவம். ரெண்டு வீடு, ரெண்டு விலாசம். ஆர் கேக்கப்போறான்?"

அருமைராசா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உருகின பனித் தண்ணீர் கூரையிலிருந்து சொட்டியது.

"பிரிஞ்சுதான் தம்பி இருக்கிறன். அதுதானே வருத்தம். ஆனா அதை நான் கையெழுத்து வைச்சுச் சொல்லமாட்டன். கியூபெக் எண்டே போடும். வாறதைக் கட்டுறன்."

அங்கிருந்து நேரே லொங்குய்க்குப் போனார். "அறையை விடப்போறன். கொஞ்சம் வெள்ளண எழும்பி இஞ்சயிருந்தே ஓடுவன்" என்றார்.

யோகமலர் படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். கணவரின் உடுப்புகள் இருந்த தட்டில் இந்த ஒரு வருடமாகக் குழந்தைகளின் போர்வைகள் அடுக்கியிருந்தன. அவற்றை இரண்டு கைகளாலும் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெறும் தட்டை உள்ளங்கையால் மெல்லத் துடைத்தார்.